போராட்டமா, விசாவா?

1

இந்தக் கதை எனக்கு உதித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். இது ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஏற்கெனவே இருந்தது. பக்கம் ஒன்பது, கேள்வி எண் முப்பத்தொன்று: 'இதற்கு முன் எமது தூதரகத்துடன் எழுத்து மூலம் ஏதேனும் தொடர்பு கொண்டிருக்கிறீர்களா? ஆம் / இல்லை.' அதன் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், பொய்த் தகவல் தருபவர் ஆயுள் முழுக்க அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்று போட்டிருந்தது.

படிவம் என் அக்காவுடையது. தட்டச்சு செய்யும் விரல்கள் என்னுடையவை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் முப்பது கேள்விகளும் சிரிப்பாகத்தான் போயின. இருபத்தாறாவது கேள்வி, நீங்கள் எப்போதாவது இனப்படுகொலையில் பங்கேற்றிருக்கிறீர்களா என்று கேட்டது. அக்கா கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, "இந்த வாரம் இல்ல" என்றாள். அம்மா சமையலறையிலிருந்தபடியே, விளையாட்டுக்குக்கூட அதில் ஆம் போட்டுவிடாதே என்று எனக்கு உத்தரவு போட்டாள்.

முப்பத்தொன்றில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அக்கா அந்தத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். நலம் விசாரித்து எழுதிய கடிதம் இல்லை.

இருபது நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் அந்தப் பக்கம் தானே மூடிக்கொள்ளும், நிரப்பியதெல்லாம் போய்விடும். நாங்கள் முப்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் மூன்று முறை மூடிக்கொண்டது. மூன்று முறையும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம். கடைசி முறை இனப்படுகொலை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் கிடந்த நோட்டில் இதை எழுத ஆரம்பித்தேன். பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் அலமாரியை அடுக்குவார்கள். எனக்கு வாக்கியம் வரும். கல்லூரியில் ஒரு நையாண்டிப் பத்திரிகை நடத்துகிறேன். வாசகர்கள் நாற்பது பேர். அதில் முப்பத்தைந்து பேர் அதிலேயே எழுதுகிறவர்கள். அடுத்த இதழுக்குக் கதை ஒன்று குறைகிறது. ஆகவே, அக்காவின் பயம் வீணாகாது.

(இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்க வேண்டும். பிறகு அடிக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

'ஏகாதிபத்தியத்தின் இரும்புக் கரங்கள் அந்தச் சிறிய மருத்துவமனையின் கழுத்தை——'

மருத்துவமனைக்கு ஏது கழுத்து? இது என் தலையங்க வாடை. வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்:

'விமானம் மேலெழும்பியபோது அவள் கண்ணில் ஒரு துளி——'

விசாவே வரவில்லை, அதற்குள் விமானத்தில் ஏற்றிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அபசகுனம் என்பாள். வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்:

'அக்கா டயாலிசிஸ் பிரிவில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள்.'

இது பரவாயில்லை. அழகாக இல்லை, அதனால் உண்மையாக இருக்கலாம்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி உள்ளே அனுப்பும் இயந்திரங்கள் அவை. அக்காவின் பிரிவில் பதினொன்று உண்டு. ஓடுவது நான்கு. மீதி ஏழும் சுவரோரமாக, மூடியைக் கழற்றிய நிலையில் நிற்கின்றன. அந்த ஏழிலிருந்து ஒவ்வொரு பாகமாகப் பிடுங்கி இந்த நான்கையும் அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். புதுப் பாகம் வராது. அவற்றைச் செய்கிற நாடு எங்களுக்கு அவற்றை விற்கத் தடை போட்டிருக்கிறது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பம்பை நாங்கள் வேறு ஏதோ விபரீதமான எந்திரத்தில் பொருத்திவிடுவோம் என்று அவர்களுக்குப் பயமாம். அவர்கள் பயம் அவர்களுக்கு.

அக்கா வேலையில் ஒரு பதிவேடு வைத்திருப்பாள். அதில் மூன்று பத்திகள்: கோளாறு, காரணம், தீர்வு. எந்த இயந்திரம் நின்றாலும் மூன்றையும் நிரப்பாமல் அன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரு முறை நான் தேர்வில் கோட்டைவிட்டபோது, அப்பாவைப் போலக் கத்தாமல், ஒரு தாளில் மூன்று கோடு இழுத்து என் முன்னால் வைத்தாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

3

கடிதம் எழுதப்பட்டது ஒன்றரை வருடத்துக்கு முன். அப்போது நின்றுபோன இயந்திரங்கள் ஆறுதான். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் அதற்கும் மேலிடத்துக்கு எழுதியது, அதற்கு மேலிடம் வருத்தம் தெரிவித்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தடை போட்டவர்களுக்கே நேராக எழுதிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எழுதத் தெரிந்தது ஒரே வடிவம்தான்.

கோளாறு: பதினொன்றில் ஆறு இயந்திரங்கள் நின்றுவிட்டன.
காரணம்: உதிரி பாகங்களுக்கு உங்கள் அரசு விதித்துள்ள தடை.
தீர்வு: தடையை நீக்கவும். முடிந்தால் இந்த மாதத்துக்குள்.

பின்னிணைப்பாகப் பாகங்களின் பட்டியல், எண்களோடு. அதற்குக் கீழே பிரிவில் வேலை செய்கிறவர்களும் நோயாளிகளுமாக நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையெழுத்து. அனுப்புநர் என்ற இடத்தில் தன் முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், கடவுச்சீட்டு எண் எல்லாம் எழுதியிருந்தாள். கடவுச்சீட்டு எண் எதற்கு என்று பிற்பாடு நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். அவர்கள் பதில் போடும்போது வேறு யாருக்கும் போய்விடக்கூடாது பார், அதற்குத்தான் என்றாள்.

அந்தத் தூதரக வாசலில் ஒரு காவலாளி உண்டு. யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "போராட்டமா, விசாவா?" விசா என்றால் இடது பக்கம், நிழற்பந்தல் போட்ட வரிசை. போராட்டம் என்றால் வலது பக்கம், வெயிலில் கயிறு கட்டிய இடம். அவருக்கு எங்கள் மேல் கோபமெல்லாம் கிடையாது. இரண்டு கூட்டத்தையும் ஒழுங்காகப் பிரித்துவிட்டால் அவர் வேலை முடிந்தது.

அக்கா கடிதத்தோடு வந்த அன்று நான் வலது பக்கம் இருந்தேன், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தேன். (தூசிக்காக.) காவலாளி அக்காவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள், "லெட்டர் குடுக்கணும்" என்றாள். மனிதர் திகைத்துப்போனார். இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் ஒருவரை எங்கே நிறுத்துவது? உள்ளே யாரிடமோ பத்து நிமிடம் பேசி, கடைசியில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார்கள். அக்கா கடிதத்தைக் கொடுத்தாள். அத்தோடு வந்தாளா என்றால், இல்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வேண்டும் என்று அடம்பிடித்து நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். போகும்போது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

(ஒரு குறிப்பு, கதைக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். அன்று எங்கள் பக்கம் ஒலிபெருக்கி பிடித்திருந்தவரின் தம்பி இடது பக்க வரிசையில் நின்றான். தம்பி உள்ளே போன இருபது நிமிடமும் இவர் கோஷத்தை முணுமுணுப்பாகத்தான் போட்டார். தம்பி வெளியே வந்து தலையாட்டியதும் பழைய சத்தம் வந்துவிட்டது.)

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தடித்த தாள், மேலே சின்னம், கீழே மையினால் கையெழுத்து. 'தங்கள் கருத்து கவனத்துடன் பதிவு செய்யப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்து அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். போன மாதம் விண்ணப்பம் போடுவது என்று முடிவானதும் அம்மா அதைக் கிழித்தெடுத்துவிட்டாள். பசை மட்டும் கதவில் நான்கு மூலையிலும் இருக்கிறது. பதிவு என்ற சொல்லில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

என் கோஷம் காற்றோடு போயிற்று. அவள் கடிதம் ஏதோ ஓர் அலமாரியில் எண் போட்டு இருக்கிறது.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அப்படிக் கடிதம் எழுதியவள் அதே நாட்டுக்கு வேலைக்குப் போக விண்ணப்பம் போடுவாளா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டும். என் பத்திரிகையில் நானே இப்படிப்பட்டவர்களைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன், மூன்றும் நன்றாகவே வந்தன.

ஆகவே அவளுக்குப் பொருத்தமான காரணம் ஒன்றைத் தேடினேன். முதலில் சம்பளம் என்று எழுதினேன். அக்கா நோட்டை எட்டிப் பார்த்து, ஐந்து வருடத்துக்கு முன்னாலும் இதே சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், அப்போது போகவில்லையே என்றாள். அடித்தேன். பிள்ளைகளின் எதிர்காலம் என்று எழுதினேன். முதலில் கல்யாணத்தைப் பண்ணிவை, பிறகு பிள்ளையைப் பற்றி எழுது என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதையும் அடித்தேன். 'எதிரியின் கோட்டைக்குள்ளேயே நுழைந்து, உள்ளிருந்து——' அக்கா என்னைப் பார்த்தாள். நானே அடித்துவிட்டேன்.

பிறகு ஒரு வரி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி: 'பாகம் இங்கே வர முடியாது, ஆள் அங்கே போகலாம். அவர்களுடைய வெளியுறவுக் கொள்கை முழுவதும் இவ்வளவுதான்.' பெருமையோடு நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா நான் அதுக்காகப் போகலடா."

எழுதுகிறவனுக்கு இதைவிட மோசமான விமர்சனம் கிடையாது.

அவளுடைய நோயாளிகளில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். ஐம்பது வயது, வாரம் மூன்று நாள் வருவார், அவளை மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடுவார். கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது. போகப்போகிற விஷயத்தை வீட்டுக்கு அடுத்தபடியாக அவரிடம்தான் அக்கா சொன்னாளாம். கோபப்படுவார் என்று நினைத்திருக்கிறாள். அவர் கையில் ஊசி ஏறியபடி படுத்துக்கொண்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாராம்: "கதவச் சாத்துறவன் வீட்டுக்குள்ளயே போயிட்டா, அவன் எவ்வளவு சாத்துனாலும் நமக்குப் பாதுகாப்புதானே மெக்கானிக்கம்மா."

என் மூன்று கட்டுரைகளிலும் இப்படி ஒரு வரி இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "போங்க. ஆனா அந்த நாலாவது மெஷின எந்தப் பக்கம் தட்டுனா ஓடும்னு மட்டும் எழுதி வச்சுட்டுப் போங்க." அவர் சிரித்தாராம். அவளால் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக ஆள் கேட்டு எழுதி மூன்று வாரம் ஆகிறது. அதற்கும் மேலிடம் வருத்தம்தான் தெரிவித்திருக்கிறது.

(வாக்குமூலம். நான் மட்டும் யோக்கியம் இல்லை. அந்த நாட்டின் மாணவர் விசாப் பக்கத்தை என் கணினியில் சும்மா பார்த்தேன். பதினோரு முறை சும்மா பார்த்தேன். கடைசி முறை பார்த்தபோது பக்கத்து ஜன்னலில் அவர்களைத் திட்டி எழுதிய தலையங்கம் பாதியில் நின்றிருந்தது.)

5

சரியான காரணத்தை அவளே சொன்னாள். நான் அதைக் கதையாக்குகிறேன், அவள் சொன்னது இதைவிடச் சுருக்கம்.

நான்கு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நான்கு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. நான்காவதில் ஓட்டுநர். அக்கா சுவரோரத்தில் செத்துப்போன இயந்திரம் ஒன்றின் முன்னால் குந்தியிருந்தாள், உள்ளே கைவிட்டு எதையோ கழற்றிக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் நின்றது. அந்த அறையில் வேலை செய்கிறவர்களுக்குச் சத்தம் வந்தால் பயமில்லை, நின்றால்தான்.

திரும்பினாள். நான்காவதின் திரை கறுத்திருந்தது. பம்ப் நின்றுவிட்டது. அபாய மணிகூட அடிக்கவில்லை, அடிப்பதற்கும் மின்சாரம் வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது.

ஒரு டம்ளர் அளவு ரத்தம் அப்போது ஓட்டுநரின் உடம்புக்கு வெளியே, குழாயில் நின்றுகொண்டிருந்தது. நின்ற ரத்தம் உறையும். உறைந்தால் அவ்வளவும் போச்சு. ஏற்கெனவே ரத்தம் குறைந்த மனிதர். இதற்கென்று இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் குழாயில் காற்று வந்தால் கண்டுபிடித்து நிறுத்துகிற கருவியும் இயந்திரத்தோடு செத்துவிட்டது. ரத்தத்தோடு காற்று உள்ளே போனால் ஆள் பிழைக்கமாட்டார். வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் காற்று. மெதுவாகச் சுற்றினால் உறைவு.

செவிலியர் ஒருவர்தான், மற்ற மூன்று நோயாளிகளையும் அவர் பார்த்தாக வேண்டும். பொழுதெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள் மனிதரோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. அக்கா கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றினாள். பார்வை குழாயில்.

ஓட்டுநர் தலையை மட்டும் திருப்பி, "மெதுவா ஓட்டுங்க மெக்கானிக்கம்மா, வண்டியில ஆள் இருக்கு" என்றார்.

குழாயில் கடுகளவு ஒரு குமிழி. கையை நிறுத்தினாள். விரலால் சுண்டினாள். நகரவில்லை. மறுபடி சுண்டினாள். அது மெல்ல மேலேறி, குழாயின் நடுவே தொங்கும் சின்னக் குடுவையின் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சுற்றினாள். ஏழு நிமிடம் என்று செவிலியர் பிறகு சொன்னார். அக்காவைக் கேட்டால் அதற்குக் கணக்கு இல்லை என்பாள்.

ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, மீதி நேரத்தை வியாழக்கிழமை சேர்த்து ஓட்டிவிடலாமா என்று கேட்டார். ஓட்டிவிடலாம் என்றாள். அன்றைக்கே செத்த இயந்திரம் ஒன்றிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பலகையைக் கழற்றி நான்காவதில் பொருத்தி ஓடவும் வைத்துவிட்டாள். பதிவேட்டில் கோளாறு எழுதினாள், காரணம் எழுதினாள். அன்று முதல்முறையாக மூன்றாவது பத்தியை நிரப்பாமல் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு, மருத்துவமனையிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கிறாள். குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். உடனே வெளியே எடுத்துவிட்டாள். அடிப்பது கேட்பதைவிட, அடித்தும் கேட்காமல் போவது பெரிய பயமாக இருந்ததாம். ரத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் பயப்படாத மனுஷி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் சொன்ன காரணம் இது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"அங்க ஒரு மெஷின் நின்னா பக்கத்துல இன்னொண்ணு இருக்கும்டா. ஆள அதுக்கு மாத்திட்டு, நாம நிதானமா இத ரிப்பேர் பண்ணலாம். அந்த மாதிரி ஒரு இடத்துல ஒரு நாளாவது வேலை செய்யணும். அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்து இயந்திரம் இங்கே ஏன் இல்லை என்பதற்கும் அவர்களே காரணம் என்று நான் சுட்டிக்காட்டினேன். தெரியும், அதைத்தான் அவர்களுக்குப் பெயர், முகவரியோடு எழுதினேனே என்றாள்.

6

மாமாவைக் கேட்போம் என்றாள் அம்மா. அம்மாவின் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அந்த நாட்டில் இருக்கிறார். ஞாயிறு மாலை தவறாமல் கூப்பிடுவார். பத்து நிமிடம் பேசினால் எட்டு நிமிடம் அந்த நாட்டைத் திட்டுவார். அவர்களுடைய போர், அவர்களுடைய தடை, அவர்களுடைய தலைவர், அவர்களுடைய தலைவரின் தலைமுடி, ஒன்றையும் விடமாட்டார். அவ்வளவு மோசமென்றால் திரும்பி வந்துவிடுங்களேன் என்று ஒரு முறை கேட்டேன். வெயில் ஒத்துக்காதுடா என்றார்.

அவர் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். ஆனாலும் அம்மா அதைப் போட்டுத்தான் கேட்பாள். இன்று நாங்களே முந்திக்கொண்டு கூப்பிட்டோம். எடுத்தார். நலம் விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்: அக்கா தூதரகத்துக்குத் தடையைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், படிவத்தில் கேட்கிறார்கள், ஆம் போடவா, இல்லை போடவா.

தொடர்பு போய்விட்டதோ என்று அம்மா கைப்பேசியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மாமாவின் குரல் வந்தது, இதுவரை நாங்கள் கேட்டிராத சின்னக் குரலில்.

"போன்ல வேணாம்."

உடனே அடுத்த வாக்கியம், பாடப்புத்தகம் வாசிப்பது போல உரத்து: "இங்க ரொம்ப நல்ல ஊரு. எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க."

வைத்துவிட்டார்.

அம்மா அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்று கேட்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எங்களிடம் சொல்லவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரிடம் சொன்னார் என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

7

இனி முடிவுகள். எனக்கு மூன்று கிடைத்தன, வாசகர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக இருந்தேன்.

முடிவு அ. 'இல்லை' போடுகிறாள். விசா கிடைக்கிறது. போகிறாள். பக்கத்தில் இன்னோர் இயந்திரம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆறு வருடம் கழித்து ஒரு தபால் வருகிறது, வெறும் முகவரிச் சரிபார்ப்பு. அதற்கு முன் வந்த ஒவ்வொரு தபாலையும் போலவே அதையும் அவள் நின்றுகொண்டே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பிரிக்கிறாள். இந்த முடிவில் அவளை ஒரு நாளும் நான் உட்காரவிடவில்லை.

அம்மாவின் ஓட்டு இதற்குத்தான். தொடர்பு என்றால் இரண்டு பக்கமும் பேசியிருக்க வேண்டும், ஒரு பக்கம் கடிதம் போட்டது தொடர்பே ஆகாது என்று வாதாடினாள். அவர்கள் பதில் போட்டார்களே அம்மா என்றேன். அவன் எதற்கு வேலைமெனக்கெட்டுப் பதில் போட்டான் என்று அவளுக்கு இப்போது கோபம்.

முடிவு ஆ. 'ஆம்' போடுகிறாள். நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, கையில் அந்தக் கடிதம். 'அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்து——' இல்லை. அவருக்கு மனசு இருக்கலாம், அவர் விரலடியில் இருக்கும் பொத்தானுக்கு இல்லை. திருத்தி எழுதினேன். அவர் கேட்கிறார்: 'இந்தக் கருத்தில் இப்போதும் இருக்கிறீர்களா?' இருக்கிறேன் என்றால் விசா போச்சு. இல்லை என்றால் அவளே போச்சு. அக்கா படித்துவிட்டு, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று எழுதவே இல்லையே என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்கும்தான் என்றாள்.

முடிவு இ. எதுவும் போடாமல் படிவத்தை மூடிவிட்டு இங்கேயே இருந்துவிடுகிறாள். என் பத்திரிகைக்கு ஏற்ற முடிவு இதுதான், கைதட்டல் கிடைக்கும். 'வியாழக்கிழமை காலை, நான்காவது இயந்திரத்தின் சத்தம்——'

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

8

நான்காம் முறை ஒன்றிலிருந்து தொடங்கி முப்பத்தொன்றுக்கு வந்தோம். அக்கா என் கையிலிருந்து சுட்டியை வாங்கிக்கொண்டாள். என் மூன்று முடிவுகளும் நோட்டில் கிடக்க, 'ஆம்' மேல் கொண்டுபோய் அழுத்தினாள்.

அம்மா, "அடிப்பாவி" என்றாள், மூச்சுக்குள்ளேயே.

அக்கா அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். "நூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டாங்க. அதுல ஒம்பது பேரு செத்துட்டாங்கடா. அவங்க கையெழுத்துக்கும் சேத்து நான் பொய் சொல்ல மாட்டேன்."

கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நான் கற்பனை செய்தவற்றைவிட நல்ல முடிவு, அதுவும் இலவசமாக. சபாஷ் என்று அவள் தோளில் தட்டினேன். நேர்மை என்றால் இதுதான் என்று நோட்டில் ஒரு வரி எழுதினேன். அவள் 'அடுத்து' என்பதை அழுத்தினாள். நாங்கள் இதுவரை பார்த்திராத பத்தாம் பக்கம் திறந்தது.

கேள்வி எண் முப்பத்திரண்டு. 'இந்தப் படிவத்தை நிரப்ப வேறு எவரேனும் உங்களுக்கு உதவினார்களா? ஆம் எனில், அவருடைய முழுப் பெயர், உறவு, தொலைபேசி எண், அவர் எழுதிய அல்லது வெளியிட்ட ஆக்கங்கள் ஏதேனும் இருப்பின் அவற்றின் விவரம்.'

கீழே அதே எறும்பு எழுத்து, ஆயுள் முழுக்க.

பத்திரிகையில் நான் எழுதுவதெல்லாம் புனைபெயரில். அது நான்தான் என்று அச்சகக்காரருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். என் பெயரைப் போட்டால் என் கட்டுரைகள் அவள் விண்ணப்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த வாய்ப்பும் போகலாம். அவளுக்காகத்தான் தயங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்பது வாய்க்கு வருவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. முதலில் நினைவுக்கு வந்தது அந்த மாணவர் விசாப் பக்கம்.

அக்கா என்னை அவசரப்படுத்தவில்லை. திருப்புளியை எடுத்துத் தா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"உன் பேரப் போடட்டுமாடா?"

இந்தக் கதையை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுது, இன்னும் பதினாறு நிமிடம் இருக்கிறது என்றாள். அம்மா கைத்துண்டோடு சமையலறை வாசலில் நிற்கிறாள்.

பதினாறு நிமிடத்தில் பதின்மூன்று இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதியதில் போய்விட்டது. ஆகவே வாசகரே, அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத நேரமில்லை. கதையின் தலைப்புக்குக் கீழே பாருங்கள். அங்கே என் சொந்தப் பெயர், அப்பா வைத்த பெயர், முழுசாக அச்சாகியிருந்தால் சரி என்று சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம். வெறும் இடமாக இருந்தால், என்னைப் பற்றி நீங்கள் நினைப்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.